நூறு பலாவும் நாலு திருஷ்டிப் பொட்டும்

ஆய்வு மாணவியர் விடுதி,
சென்னை.
2.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

கீதாஞ்சலி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே வெயிலைத் தவிர எல்லோரும் சுகம். அண்ணனின் முட்டிவலி தேவலையா? கறுப்புப் பசு கன்று போட்டுவிட்டதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று அண்ணன் கேட்பார். நம் நெல்லிக்கொல்லையில் சிக்னல் வேண்டுமானால் மலைப்பாதையில் சங்கத்து வளைவு வரை நடக்க வேண்டும். அங்கே நின்று அவர் பேசுவதில் பாதிதான் என் காதில் விழுகிறது. தவிர, எனக்கு வேண்டியது தாளில் எழுதிய விவரம்.

நாளை மறுநாள் ஆலங்காயம் பேருந்தில் ஒரு பெட்டி வரும். டிபன் பாக்ஸ் அளவுதான். மூன்று வருடமாக நான் செய்துகொண்டிருந்த வாயு உணரி இதுதான். பலா பழுக்கும்போது எத்திலீன் என்று ஒரு வாயு விடும். அதை அளக்கும் கருவி வெளிநாட்டிலிருந்து வருகிறது, லட்சக்கணக்கில் விலை. என் பெட்டிக்குள் இருப்பது வெள்ளீய ஆக்சைடு இழை. தலைமயிரை ஆயிரமாகக் கிழித்தால் ஒரு கீற்று எவ்வளவு இருக்குமோ அவ்வளவு மெல்லியது. வாயு பட்டதும் அதில் ஓடும் மின்சாரம் மாறும், பெட்டி ஒரு எண்ணைக் காட்டும். முப்பதுக்குக் கீழே என்றால் காய். முப்பதிலிருந்து அறுபது வரை செங்காய். அதற்கு மேலே பழம். ஒரு பெட்டி செய்ய நல்ல குக்கர் ஒன்றின் விலைகூட ஆகாது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பலாவின் காம்புப் பக்கம் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு பெட்டியின் குழாயைப் பைக்குள் விட்டு, எண்ணை நோட்டில் எழுதுங்கள். உடனே அறுத்துப் பார்த்து, காயா செங்காயா பழமா என்று பக்கத்தில் எழுதுங்கள். இப்படி நூறு பலா.

ஜூன் 27ஆம் தேதி ஒரு குழு கூடுகிறது. நூற்றில் பெரும்பாலும் தேறினால் எனக்கு இன்னும் ஒரு வருடம் உதவித்தொகை. தேறாவிட்டால் பெட்டி அலமாரிக்குப் போகும், நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். என் வழிகாட்டி பேராசிரியர் பஞ்சாட்சரம் இதை மிகவும் இனிமையாகச் சொன்னார். அதனால்தான் பயமாக இருக்கிறது.

அண்ணனை நம்பி இதை அனுப்பவில்லை. உங்களை நம்பித்தான் அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கீதாஞ்சலி


நெல்லிக்கொல்லை,
ஜவ்வாது மலை.
சித்திரை முதல் நாள் (14.4.2025)

அன்பு நாத்தனார் கீதாவுக்கு,

செவ்வந்தி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் நான், உன் அண்ணன், பசு, நேற்றுப் பிறந்த கன்று எல்லோரும் க்ஷேமம். முட்டிவலி வேலை இருக்கும் நாளில் வருகிறது, சந்தை நாளில் போய்விடுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? விடுதிச் சோற்றில் உப்பு இல்லை என்றால் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்.

பெட்டி வந்தது. வீட்டுப் பெண் முதன்முதலாகச் செய்து அனுப்பியது என்று வாசலிலேயே ஆரத்தி எடுத்தேன். "இன்னாடி இது, பொட்டிக்கு ஆரத்தியா? எனக்குக் கல்யாணத்தப்போ எடுத்ததோட சரி" என்றார் உன் அண்ணன். பெட்டி மூன்று வருடம் படித்துவிட்டு வந்திருக்கிறது, நீங்கள் எட்டாவதோடு நிறுத்தினீர்கள் என்றேன். பெட்டியை அவரே தூக்கிப் போய் உள்ளே வைத்தார்.

அன்றைக்குக் கோபால்சாமியும் இருந்தான். ஆலங்காயத்திலிருந்து குட்டியானை வண்டியில் வந்து பலா எடுப்பானே, அவன்தான். ஊரில் இருக்கிற எல்லாப் பலாவையும் காய் என்று சொல்லி விலையைக் குறைப்பான், கீழே இறங்கியதும் அதையே பழம் என்று விற்பான். அவனுக்கு நான் ஒருத்திதான் எதிரி. நான் தட்டிப் பார்த்துச் சொன்னால் மறுபேச்சு இல்லை. அவன் பெட்டியைப் பார்த்துவிட்டு, "எக்கா, இன்னாமே இது, பலாவ மோந்து பாக்கறதுக்கு மிஷினா? ஒன் கைக்கு இன்னா ஆச்சு?" என்றான். அவன் முன்னால்தான் முதல் பலாவைச் சோதித்தேன்.

முதல் நாள் இல்லையா, பெட்டி கொஞ்சம் தடுமாறியது. புது இடம், புதுத் தண்ணீர். மனிதருக்கே இரண்டு நாள் பிடிக்கும். அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருபது பலாவின் கணக்கு இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

வருஷப்பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடி வைத்தேன். உன் பங்கை உன் அண்ணன் சாப்பிட்டுவிட்டார்.

உன் நல்லதையே நினைக்கும்,
அண்ணி செவ்வந்தி


சென்னை.
26.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலம். கன்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

உங்கள் தாளைப் பார்த்ததும் இரண்டு முறை படித்தேன். இருபதுக்கு இருபது. ஆய்வகத்தில் எலுமிச்சம்பழத்தைக் கூட ஒழுங்காகச் சொல்லாத பெட்டி இது. மலைக்காற்று அதற்கு ஒத்துக்கொண்டது போலிருக்கிறது. பேராசிரியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "ரொம்ப நல்லா இருக்கே" என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நம்பாத ஆள் சொல்வது போல இருந்தது.

முதல் நாள் தடுமாறியது என்று எழுதியிருந்தீர்களே, என்ன தடுமாற்றம்? எண் ஏறி இறங்கியதா? தப்பாகக் காட்டியதா? அவசியம் எழுதுங்கள். தப்பு இருந்தாலும் பரவாயில்லை, எனக்குத் தெரிய வேண்டும்.

அண்ணனை ஆரத்திக்காக ஏங்க விடாதீர்கள்.

அன்புடன்,
கீதா


நெல்லிக்கொல்லை.
11.5.2025

கண்ணான கீதாவுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுத ஆசைதான். உன் அண்ணன் வயிறுதான் சுகமில்லை.

நூறு பலா அறுக்கச் சொன்னாயே, அறுத்த பலா எங்கே போகும் என்று யோசித்தாயா? படித்தவர்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை. பழம் என்றால் சுளை. செங்காய் என்றால் வறுவல். காய் என்றால் குழம்பு, கூட்டு, பொரியல். கொட்டையைச் சுட்டுச் சாமைச் சோற்றோடு வைக்கிறேன். முதல் வாரம் உன் அண்ணன் வாழ்த்தினார். இரண்டாவது வாரம் மௌனமாகச் சாப்பிட்டார். இப்போது சுக்குத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டுதான் தட்டின் முன் உட்காருகிறார். "வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள வுட்டுக்கினா மாதிரி ஆச்சு" என்று நேற்று கன்றிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கன்றுக்குச் சின்னப்பொண்ணு என்று பெயர் வைத்திருக்கிறோம். அதன் தாயும் இப்போது பலாச் சக்கையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

பக்கத்து வீட்டு ரஞ்சிதத்துக்குத் தினமும் ஒரு கூடை கொடுத்து வந்தேன். முந்தாநாள் கூடையோடு போய்க் கதவைத் தட்டினால், உள்ளே இருந்து அவள் குரலே, "ரஞ்சிதம் வூட்ல இல்ல" என்கிறது. கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். காலையில் பார்த்தால் நம் வாசலில் இருக்கிறது.

நீயும் ஏதோ கேட்டிருந்தாய். அதெல்லாம் சரியாகிவிட்டது. உன் பேராசிரியருக்கு ரொம்ப நன்றாக இருப்பது பிடிக்காது போலிருக்கிறது. எனக்குப் புரிந்தது.

அறுபத்தைந்து வரைக்கும் உள்ள கணக்கை வைத்திருக்கிறேன். இந்தத் தடவை இரண்டு தப்பு இருக்கிறது, பார்த்துக்கொள்.

கிழங்கு, கீரை ஏதாவது சாப்பிட மாட்டோமா என்று ஏங்கும்,
செவ்வந்தி


சென்னை.
24.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். அண்ணனுக்கு மருந்து வாங்கி அனுப்பியிருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன் ஒன்று.

இந்தக் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். பேராசிரியர் நேற்று என் மேஜைக்கே வந்தார். அவர் யார் மேஜைக்கும் வருவதில்லை. உங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இருபதுக்கு இருபதுன்னப்போ எனக்கு சந்தேகமா இருந்துதும்மா. இப்ப இந்த ரெண்டு தப்பு இருக்கு பாருங்க, இதனாலதான் நான் நம்பறேன். உண்மையான அளவீடுன்னா அதுல கொஞ்சம் தப்பு இருக்கும்." ஆய்வுக் கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டார். அதில் நன்றி சொல்லும் இடத்தில் உங்கள் பெயர் வரும்.

அண்ணி, மூன்று வருடமாக ஆய்வகம் இருக்கும் இரண்டாவது மாடியில் எல்லோரும் என்னைப் பார்க்கும்போது பாவம் என்றுதான் பார்ப்பார்கள். நேற்று யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

மீதிப் பலாவை முடித்ததும் பெட்டியையும் நோட்டையும் அனுப்பிவிடுங்கள்.

உங்கள்,
கீதா


நெல்லிக்கொல்லை.
3.6.2025

அன்புத் தங்கை கீதாவுக்கு அண்ணன் ராஜாக்கண்ணு எழுதிக்கொள்வது. நலம். மருந்து வந்தது. கேட்டது. பெட்டியும் நோட்டும் இன்று பேருந்தில் ஏற்றினேன். உன் அண்ணிக்குச் சாமை விதைப்பு வேலை, அதனால் நான் எழுதுகிறேன்.

நூறும் முடிந்தது. மொத்தம் நாலே தப்பு. இந்தப் பெருமை உன் அண்ணிக்கே சேரும். அவள் இல்லாவிட்டால் பெட்டி தேறியிருக்காது. அது பாட்டுக்குக் காய் என்று இருபத்திரண்டு காட்டும். அறுத்தால் தேன் மாதிரி பழமாக இருக்கும். உடனே உன் அண்ணி, "பாவம், கொழந்தைக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுபத்திரண்டு என்று எழுதுவாள். ஒரு நாள்கூடச் சலித்துக்கொண்டது இல்லை. பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படி யாரும் பார்க்க மாட்டார்கள்.

அட்டையில் இடம் இல்லை.

ராஜாக்கண்ணு


சென்னை.
9.6.2025

அண்ணிக்கு,

நான் நலமாக இல்லை. அண்ணனின் அஞ்சலட்டை வந்தது.

ஒரு விஷயம் உங்களிடம் நான் சொல்லவில்லை. பெட்டிக்குள் ஒரு சில்லு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பெட்டி என்ன எண் காட்டியது, எத்தனை மணிக்குக் காட்டியது என்று அது தானாகவே குறித்துக்கொள்ளும். நோட்டு இருக்கும்போது அதை எதற்குத் திறப்பது என்று இருந்தேன். நேற்றுத் திறந்தேன்.

நூற்றில் ஐம்பத்தெட்டு சரி. நாற்பத்திரண்டு தப்பு. உங்கள் நோட்டில் நாலு தப்பு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் முப்பத்தெட்டுப் பலாவை ஒரு நோட்டில் மறைத்திருக்கிறீர்கள். ஏன் அண்ணி? நான் தோற்றிருந்தால் தோற்றேன் என்று போயிருப்பேன். இப்போது பொய் சொன்னவள் என்று போக வேண்டும். பேராசிரியர் கட்டுரையை முடித்துவிட்டார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது.

கீதாஞ்சலி


சென்னை.
20.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

பதினொரு நாளாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. சங்கத்து வளைவுக்கு வந்து அண்ணன் பேசினார். நீங்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னார். "ஒரு மாதிரி சும்மாவே கீறா" என்றும் சொன்னார். நீங்கள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அதனால் பயமாக இருக்கிறது. நான் ஆறாவது படிக்கும்போது நீங்கள் நம் வீட்டுக்கு வந்தீர்கள். அன்றிலிருந்து இதுவரை உங்களுக்கு நான் அப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. கோபம் நியாயம்தான், ஆனால் எழுதிய விதம் தப்பு. மன்னித்துவிடுங்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். எல்லாம் அதில்தான் இருக்கிறது. நான்கு நாளாகத் தூங்காமல் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பான நாற்பத்திரண்டில் முப்பத்தொன்பது காலை எட்டு மணிக்கு முன் எடுத்தது. வெயில் ஏறிய பிறகு பெட்டி கிட்டத்தட்ட சரியாகவே சொல்கிறது. காலை ஈரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். இழைமேல் ஈரம் படிந்தால் வாயு அதைத் தொடவே முடியாது. இது உண்மையானால் பெட்டி செத்துப்போகவில்லை. அதன் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது, வைத்தியமும் செய்யலாம்.

ஆனால் இவ்வளவும் நோட்டில் நீங்கள் எழுதிய இன்னொரு பத்தியை நம்பித்தான் சொல்கிறேன். அறுத்துப் பார்த்ததும் காய், செங்காய், பழம் என்று எழுதினீர்களே, அது உண்மையா? அதிலும் ஏதாவது திருத்தினீர்களா? அது உண்மையானால் 27ஆம் தேதி குழு முன்னால் நிற்க எனக்கு ஒரு காலாவது இருக்கும். அதுவும் பொய்யானால் ஒன்றுமே இல்லை.

உடனே எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்,
கீதா


நெல்லிக்கொல்லை.
23.6.2025

என் கீதாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான். கடிதம் இன்று பகல் வந்தது. கோபால்சாமி வண்டியை எடுக்கும் முன் எழுதி முடிக்க வேண்டும். ஆலங்காயத்தில் விரைவு அஞ்சலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறான், வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். அதனால் கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அறுத்துப் பார்த்து எழுதியதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. நூறும் நூறு சத்தியம். பலாவைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். அதைச் சொன்னால் எனக்கும் கோபால்சாமிக்கும் என்ன வித்தியாசம்? நான் பொய் சொன்னது பெட்டியைப் பற்றி மட்டும்தான்.

ஏன் என்று கேட்டாய். இத்தனை நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் பெட்டி இருபத்திரண்டு என்று காட்டியது. அறுத்தால் பழம். கோபால்சாமி சுளையைத் தின்றுகொண்டே சிரித்தான். "ஒங்க நாத்தனாரு பொட்டியும் என்ன மாதிரியே காயின்னு சொல்லுதுக்கா" என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நம் வீட்டுப் பெட்டி அவன் முன்னால் தலைகுனிந்து நிற்பதா என்று அந்த ஒரு எண்ணை மாற்றினேன். ஒன்றை மாற்றினால் அடுத்தது தானாக வருகிறது. வகுப்பில் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்குப் பின் பெஞ்சிலிருந்து சொல்லிக்கொடுப்பது மாதிரிதான் நினைத்தேன். நீ மூட்டை கட்டுவாய் என்று எழுதியது வேறு கண்ணுக்குள்ளேயே நின்றது.

அந்த நாலு தப்பையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் நான் செய்ததுதான். உன் பேராசிரியர் "ரொம்ப நல்லா இருக்கே" என்றதுமே தோன்றியது, நூறும் சரியாக இருந்தால் கண் பட்டுவிடும் என்று. குழந்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைக்கிறோம் இல்லையா? அதற்காக நாலு இடத்தில் பெட்டி சொன்ன தப்பை அப்படியே விட்டு வைத்தேன். உன் பேராசிரியர் அதைப் பார்த்துத்தான் நம்பினார் என்று நீ எழுதியபோது, பெரிய படிப்பு படித்தவருக்கும் பொட்டின் அருமை தெரிகிறதே என்று சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நீயும் ஒன்றைக் கேட்டுக்கொள். உள்ளே ஒரு சில்லை ஒளித்து வைத்துவிட்டு, "உங்களை நம்பித்தான் அனுப்புகிறேன்" என்று எழுதினாயே, அதுவும் நோட்டில் ஒரு திருத்தல்தான்.

காலையில் பெட்டி வியர்த்திருக்கும். இந்தத் தடவை கோடை மழை அதிகம், விடிந்தால் மூட்டம். நான் முந்தானையால் துடைத்துத் துடைத்து வைப்பேன். அதை உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. குழந்தைக்கு வியர்த்தால் கடிதமா போடுவார்கள்?

உண்மையைச் சொல்லிவிடு. என் பெயரையும் சொல். என்னால்தான் என்று சொல்.

ஹாரன் நிற்கவில்லை.

உன் அண்ணி


சென்னை.
30.6.2025

அன்பான அண்ணிக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே நலம். உங்கள் கடிதம் 26ஆம் தேதி மாலை வந்தது. சில்லு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்றே பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கட்டுரையை எடுத்து, ஒரு பக்கம் விடாமல் நான்காக மடித்துப் பையில் வைத்தார். "நாளைக்கு நீங்களே சொல்லுங்க" என்றார்.

குழுவில் ஐந்து பேர். நடுவில் டாக்டர் ராணியம்மாள் என்று ஒரு பெரிய விஞ்ஞானி. சிரித்தே யாரும் பார்த்ததில்லை என்பார்கள். நான் எழுந்து, முதல் தாள் பொய், இரண்டாவது தாள்தான் பெட்டி உண்மையில் சொன்னது என்றேன். ஐம்பத்தெட்டு என்றதும் ஒருவர் பேனாவை மூடிவிட்டார். காலை ஈரத்தைப் பற்றிச் சொன்னபோது மறுபடி திறந்தார். பிறகு ராணியம்மாள், "அந்த நாலு தப்பு மட்டும் ஏன் திருத்தாம விட்டாங்க?" என்று கேட்டார். சொன்னேன். அந்த அம்மா குனிந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "பஞ்சாட்சரம், நீங்க கடைசியில நம்பினது பொட்டைத்தானா?" என்றார். பேராசிரியரும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாகத்தான்.

முடிவு இது. ஒரு வருடம் கிடையாது. செப்டம்பர் கடைசி வரை மூன்று மாதம். அதற்குள் ஈரத்துக்கு வைத்தியம் செய்து, கடைசிக் காய்ப்பில் ஐம்பது பலாவில் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் முடிந்தது.

புதுப் பெட்டி அனுப்புகிறேன். இழைக்கு அடியில் ஒரு சின்னச் சூடேற்றி வைத்திருக்கிறேன், ஈரத்தை விரட்டும். நோட்டில் இந்த முறை மூன்று பத்தி. இது ராணியம்மாளின் உத்தரவு. முதலில் நீங்கள் தட்டிப் பார்த்துச் சொல்வது, அடுத்து பெட்டி சொல்வது, கடைசியில் அறுத்துப் பார்த்தது. உங்கள் கையையும் ஒரு கருவியாகப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. விளையாட்டு இல்லை, நிரப்பி அனுப்ப வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெட்டி தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுதுங்கள். எனக்காக எதையும் மாற்றாதீர்கள். சில்லு இதிலும் இருக்கிறது, இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
கீதா


நெல்லிக்கொல்லை.
20.7.2025

அருமை நாத்தனார் கீதாஞ்சலிக்கு,

எங்கள் சுகத்தில் குறைவில்லை. சாமை முளைத்துவிட்டது. சின்னப்பொண்ணு துள்ளுகிறது. மறுபடி ஐம்பது பலா என்றதும் உன் அண்ணன் அமிர்தியில் இருக்கும் சித்தப்பாவைப் பார்த்து நாளாயிற்று என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார். ரஞ்சிதம் வாசலில் புதிதாகப் படல் கட்டியிருக்கிறாள்.

படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். கருவியின் பெயர்: செவ்வந்தியின் வலது கை. செய்த இடம்: படவேடு, என் பிறந்த ஊர். செய்த வருடம்: 1984. எடை என்று ஒரு கட்டம் இருந்தது, அதை விட்டுவிட்டேன். கடைசியாகப் பழுது பார்த்தது: போன வருடம் அரிவாள் பட்டு மூன்று தையல். உத்தரவாதம் உண்டா என்று கேட்டிருந்தது. கோபால்சாமியைக் கேட்கவும் என்று எழுதியிருக்கிறேன்.

இனி நோட்டு விஷயம். முதல் பன்னிரண்டு பலாவை இத்துடன் வைத்திருக்கிறேன். காலை மூட்டத்திலும் எடுத்தேன். பதினொன்றில் பெட்டி சொன்னதும் கை சொன்னதும் ஒன்றே, அறுத்ததும் அதுவே. வைத்தியம் வேலை செய்கிறது, நீ பயப்படாதே. பன்னிரண்டாவதைப் பற்றித்தான் தனியாக எழுத வேண்டும்.

நேற்று உன் அண்ணன் ஆலங்காயம் போயிருந்தார். ரஞ்சிதம் கொல்லைக்குப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும். கிணற்றடி மரத்துப் பலா, பெரியது. தட்டினேன். தொப்பென்று சத்தம். முள்ளெல்லாம் படுத்திருந்தது. இருபது வருடமாகத் தட்டுகிறேன், இது பழம் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். முதல் பத்தியில் பழம் என்று எழுதினேன். பென்சிலால்தான். பெட்டியை வைத்தேன். பத்தொன்பது காட்டியது. காய் என்கிறது. சரி, மறுபடி குழந்தைக்கு வியர்த்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். நீ கேட்டுக்கொண்டபடி அப்படியே எழுதினேன். உனக்காக மனசு கஷ்டமாக இருந்தது.

அறுத்தேன். பால் ஒழுகியது. சுளை வெள்ளை வெளேரென்று இருந்தது. பச்சைக் காய்.

கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் கீதா. யாரும் பார்க்கவில்லை. பசு மட்டும் பார்த்தது. உன் சில்லுக்குப் பெட்டி சொன்னது தெரியும், நான் தட்டியது தெரியாது. பழம் என்பதைக் காய் என்று மாற்றிவிட்டால் எனக்கு நூற்றுக்கு நூறு. ரப்பரும் பக்கத்திலேயே இருந்தது. பெட்டிக்காக மாற்றும்போது ஒரு தடவைகூட என் கை யோசித்ததில்லை. எனக்காக என்று வந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது. நீ ஏன் அப்படிக் கோபப்பட்டாய் என்பதும் அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

பிசுக்குப் போக எண்ணெய் தேய்த்துக் கையைக் கழுவினேன். உன் அண்ணன் பையிலிருந்து பேனாவை எடுத்து, பென்சில் எழுத்தின் மேலேயே எழுதினேன். தட்டியது: பழம். பெட்டி: காய். அறுத்தது: காய்.

பேனாவால் எழுதியதைப் பார்த்துக்கொள். ரப்பரைப் பரணில் போட்டுவிட்டேன்.

அந்தக் காயைக் குழம்பு வைத்தேன். உன் அண்ணன் வந்து, "இன்னாடி, நீ போயி காய அறுத்துட்ட?" என்று கேட்டார். குழம்புக்காகத்தான் அறுத்தேன் என்று சொல்லிவிட்டேன். அவரிடம் சொன்னது வேறு. நோட்டில் சரியாகத்தான் இருக்கிறது.

நேரத்துக்குத் தூங்கு. கோபால்சாமிக்கு இது தெரிய வேண்டாம்.

உன் அண்ணி,
செவ்வந்தி